அங்கமுத்துவின் ஒயின் ஜாடி

எங்கள் ஊர் குருவுக்குத் தாடி கிடையாது. மடம் கிடையாது. காலில் விழப் போனால், "இஞ்சிய மிதிக்காத, அந்தப் பக்கம் போ" என்பாள்.

பெயர் திங். சீனப் பெண். வயது நாற்பதைத் தொடவில்லை. அவள் அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். அதனால் நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவாள். எங்கள் ஊரான சித்தியவானில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்ப் பத்தியச் சமையல் செய்து கொடுப்பது அவள் தொழில். தொழிலில் கைதேர்ந்தவர்களை மலேசியாவில் நாங்கள் சிஃபு என்போம். ஆகவே திங் சிஃபு.

சீடனுக்கு அறுபது வயது. அங்கமுத்து. லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். கள், சம்சு, பீர் என்று வித்தியாசம் பார்க்காத சமத்துவவாதி. மனைவி ருக்கு இறந்து, சுடுகாட்டிலிருந்து வந்து தலை முழுகியவர், அதோடு விட்டார். விட்டது நிஜம். ஆசை விட்டது என்று நான் சொல்லவில்லை. குடியை விட்டவர்களிடம் போய், "இப்ப நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மகன் தயாளன். மருமகள் மெய் யீ. அவளும் சீனப் பெண்தான், தாயில்லாதவள். அவள் முழுகாமல் இருந்தபோது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது.

"மாமா, எங்க ஆளுங்க வீட்ல மருமக முழுகாம இருந்தா மாமியார் அரிசி ஒயின் போட்டு வைப்பாங்க. சிவப்பா இருக்கும். பிள்ளை பொறந்ததும் அதுல கோழி சமைச்சு, மெல்லிசு மீ நூடுல்ஸ் போட்டுக் குடுப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நமக்குத்தான் மாமியார் இல்லையே" என்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நான் போடறேம்மா" என்றார் அங்கமுத்து.

தயாளன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "என்னா போடறீங்க?"

"ஒயின்."

"அப்பா, ஜொகூர்ல வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். உங்களுக்காகத்தான் வேணாம்னு இருக்கேன். இந்த வீட்ல ஒரு சொட்டு உங்க வாயில பட்டுச்சு, பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவோம். அப்புறம் அங்க வராதீங்க."

"சரிப்பா."

"சரின்னு அப்பவும்தான் சொல்வீங்க."

அங்கமுத்து சோற்றை அப்படியே விட்டார். எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

மறுநாள் காலை திங் சிஃபுவின் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"தங்கச்சி, ஒயின் போடச் சொல்லிக் குடு."

"குடிப்பியா அண்ணே?"

"குடிச்சேன்."

"இப்ப?"

"இல்ல."

"ஆசை?"

அங்கமுத்து தரையைப் பார்த்தார். "இருக்கு."

"சரி. கைய கழுவிட்டு வா."

அன்றிலிருந்து தங்கச்சி போய் சிஃபு ஆனாள். அவளுக்கு அவர் கடைசிவரை அண்ணேதான்.

ஜாடி அங்கமுத்து வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றாள் சிஃபு. பிள்ளை வளரப்போகிற வீட்டில்தான் ஒயினும் வளர வேண்டுமாம். ஒட்டுகிற புலுட் அரிசியை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, சிவப்பு அரிசியும் ஈஸ்ட் உருண்டையும் கலந்து, தண்ணீர் ஊற்றி, ஜாடியின் வாயைத் துணியால் கட்டினார்கள். பின்கட்டு அறையில் வைத்தார்கள்.

"இதுக்குப் பக்கத்துல சண்ட போடக் கூடாது. சும்மா சும்மா தொறக்கக் கூடாது. வினிகர் போத்தல் இந்த அறைக்குள்ள வரவே கூடாது."

"வினிகர் ஏன் வரக் கூடாது?"

"வந்தா இதுவும் வினிகராயிரும்."

"ரெண்டும் ஒரே அரிசிதானே சிஃபு?"

"அதனாலதான்."

அங்கமுத்து இதை உள்ளே போட்டு இரண்டு நாள் உருட்டினார். பெரிய தத்துவம் ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிட்டார். சீடர்களுக்கு இருக்கிற வியாதி அது.

மூன்றாம் நாள் ஜாடி பேச ஆரம்பித்தது. காதை வைத்தால் குமிழி உடைகிற சத்தம். அதற்குப் பிறகு வாசனை. முதலில் பழம் போல, பிறகு பழைய சோறு போல, பிறகு அங்கமுத்துவுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாசனை.

மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனையாக வீட்டைச் சுற்றினார். கழுவின மோட்டார் சைக்கிளை மறுபடி கழுவினார். வெங்காயம் வாங்கப் பசாருக்குப் போய், பூண்டு வாங்கி வந்து, மறுபடி வெங்காயத்துக்காகப் போனார். கூட்டின வாசலைக் கூட்டினார். தூக்கத்தில்கூட அவருக்குக் கால் ஆடுகிறது என்று மெய் யீ சொன்னாள்.

காலை ஆனால் சிஃபு வீட்டுக்கு ஓடிவிடுவார். அங்கே சமையல் பாடம்.

"மீனுக்கு ஒரு கரண்டி ஒயின். கவிச்சி போயிரும். அதிகம் ஊத்தாத, மீனே போயிரும்."

"சிஃபு, மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

"அடுப்பு நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப கீரைய எடு. ஒயின நடுவுல ஊத்தாத. சட்டி விளிம்புல சுத்தி ஊத்து. சூட்டுல பட்டாத்தான் மணம் மேல வரும்."

அவர் ஊற்றினார். குப்பென்று ஆவி எழுந்தது. அங்கமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டார்.

சிஃபு திரும்பிப் பார்க்கவில்லை. கீரையைப் புரட்டினாள்.

இன்னொரு நாள் வெள்ளரிக்காயும் வினிகரும். வெள்ளரிக்காயை நசுக்கி, உப்புப் போட்டுப் பிழிந்து, அரிசி வினிகரும் சீனியும் விட்டுக் கலக்கச் சொன்னாள். புளிச்ச சூப்புக்கு வினிகரை எப்போது ஊற்றுவது என்று கேட்டார்.

"எறக்கும்போது. முன்னாடி ஊத்தினா புளிப்பு பறந்துரும்."

"ஒயின் முன்னாடி, வினிகர் பின்னாடி. அப்படித்தானே?"

"ம்."

"அப்ப பிள்ளை பெத்தவளுக்கு வைக்கிற கோழிக்கு?"

"அதுக்கு மட்டும் ஒயின் கடைசியில. கொதிச்சுப் போகக் கூடாது. அதோட வீரியம் அப்படியே அவ உடம்புல சேரணும்."

அங்கமுத்துவின் கை வெள்ளரிக்காயிலேயே நின்றது.

"அப்ப அந்தக் குழம்புல ஒயின் ஒயினாவே இருக்குமா?"

"பின்ன தேத்தண்ணியாவா இருக்கும்?"

"சிஃபு, குடிக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க. மந்திரம் மாதிரி ஏதாச்சும்."

"இந்த இஞ்சிய சீவு" என்று ஒரு கூடையை அவர் முன்னால் தள்ளினாள்.

சீவினார். கூடை காலியானது. மனசு காலியாகவில்லை. அவரே என்னிடம் சொன்னார், "அந்த சீனத்திக்கு நான் சொல்றது வெளங்கவே இல்லப்பா" என்று. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் பட்டது.

மழை கொட்டிய ஒரு மத்தியானம். தயாளனும் மெய் யீயும் கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அங்கமுத்துவும் ஜாடியும்.

பின்கட்டு அறைக்குப் போனார். திரும்பி வந்தார். ரேடியோ வைத்தார். அணைத்தார். மறுபடி போனார். ஜாடியின் கயிற்று முடிச்சில் கை வைத்தார். துணி ஈரமாக இருந்தது. விரலை மோந்தார்.

முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

உள்ளே சிவப்பு. ஒரு விரலை நனைத்துப் பார்த்தால் என்ன, நான் போட்ட ஒயின் நல்லா வந்திருக்கான்னு நான்தானே பாக்கணும் என்று ஒரு புத்தி சொன்னது. குடிகாரனுக்கு நியாயம் கிடைக்காத இடமே கிடையாது. கை உள்ளே இறங்கியது.

அப்படியே கையை உதறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். அலமாரியிலிருந்த வினிகர் போத்தலை எடுத்து வந்தார். கவிழ்த்தார். போத்தல் முழுவதும் ஜாடிக்குள் போனது. இனி இதை யார் குடிப்பான்? கடகடவென்று சிரித்தார். துணியைக் கட்டினார். மழையிலேயே மோட்டாரை எடுத்துக்கொண்டு சிஃபு வீட்டுக்குப் பறந்தார்.

"சிஃபு! ஜெயிச்சிட்டேன்!"

அவள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஜாடியைத் திறந்து மோந்தாள்.

"கோழிக்கு ஆகாது" என்றாள்.

"அது தெரியும். ஆனா நான் குடிக்கல, பாத்தீங்களா?"

"ஜாடி உன்னக் குடிக்கச் சொல்லிச்சா அண்ணே?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அதப் போட்டு அடிச்ச?"

அங்கமுத்துவின் முகத்திலிருந்த வெற்றி இறங்கிவிட்டது. நின்றபடியே ஜாடியைப் பார்த்தார். மருமகள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்று அதற்குள் இருந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இன்னொரு ஜாடி போட்டு முதிரவைக்கப் பிரசவத்துக்குள் இனி நாள் இல்லை.

சிஃபு திட்டவில்லை. முட்டைக்கோசும் முள்ளங்கியும் நறுக்கச் சொன்னாள். அந்தப் புளித்த ஒயினை வடிகட்டிக் காய்ச்சி, சீனி போட்டு, காய்களை ஊற வைத்தாள். "ஊறுகாய்க்கு ஆகும்" என்றாள். இருட்டும்வரை நறுக்கினார்கள்.

"மெய் யீகிட்ட என்னா சொல்றது சிஃபு?"

"ஊத்தினேன்னு சொல்லு."

சொன்னார். மெய் யீ கேட்டுவிட்டு எழுந்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் அங்கமுத்துவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தயாளன் கேட்டான். "ஏன் ஊத்துனீங்க?"

"குடிச்சிருவேனோன்னு பயந்துட்டேம்பா."

"அப்ப குடிக்கத்தான் போனீங்க."

"இல்லப்பா..."

"தொறந்தது யாரு?"

அன்று இரவே அவன் ஜொகூருக்குப் போன் போட்டான். பிள்ளை பிறந்து பத்தியம் முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று அவன் பேசியது அங்கமுத்து காதில் விழுந்தது.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மெய் யீ குழந்தையை மாமனாரிடம் நீட்டினாள். "உக்காந்து வாங்கிக்குங்க" என்றான் தயாளன். அங்கமுத்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். குழந்தை கொட்டாவி விட்டது. அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் சிஃபு வந்தாள். கையில் அவள் வீட்டுச் சிவப்பு ஒயின் ஒரு போத்தல். ஒரு கிண்ணத்தில் ஒயினை வடித்தபின் அடியில் தங்கும் சிவப்பு வண்டல். இரண்டையும் அங்கமுத்துவின் அடுப்படியில் வைத்தாள்.

"இன்னைக்கு நீ சமை. எனக்கு ஆயர் தாவார்ல இன்னொரு பிள்ளை பெத்த வீடு இருக்கு. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வந்து பாக்கறேன்."

அங்கமுத்து போத்தலைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார். "நீங்களே ஊத்திட்டுப் போங்க சிஃபு."

"ஏன், உனக்குக் கை இல்லயா?"

"கை இருக்கு. நாக்கும் இருக்கே. அதான் பயமா இருக்கு."

சிஃபு போத்தலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பயம் இருக்கட்டும்" என்றாள். "தீய மட்டும் கம்மியா வை."

போய்விட்டாள். தயாளன் வேலைக்குப் போயிருந்தான். அறையில் மெய் யீயும் குழந்தையும் தூங்கினார்கள்.

அங்கமுத்து நல்லெண்ணெயில் முற்றின இஞ்சியைச் சிவக்க வறுத்தார். கோழியைப் போட்டுப் புரட்டினார். வண்டலைப் போட்டார். அதிலேயே பாதி ஒயின் இருக்கிறது. அடுப்படி முழுக்க வாசனை கிளம்பியது. காளானும் தண்ணீரும் விட்டு மூடினார். மூடிவிட்டுக் கொல்லைக்குப் போனார். வந்தார். கோழி வெந்திருந்தது. போத்தலைத் திறந்தார். ஊற்றும்போது கை நடுங்கி, கால்வாசி சட்டையில் கொட்டியது. மிச்சத்தைச் சட்டிக்குள் ஊற்றி, வெறும் போத்தலை உடனே கழுவிக் கவிழ்த்தார்.

உப்புப் பார்க்க வேண்டும்.

லாரியில் போன காலத்தில் நடுக்காட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்தவர் அவர். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, வாயில் விடுவது அவர் கைக்குத் தானாகவே வரும். வந்தது. கரண்டி உதடுவரை வந்துவிட்டது. ஆவி மூக்கில் ஏறியது.

சட்டியிலேயே ஊற்றிவிட்டார்.

சமையல்காரன் உப்புப் பார்ப்பது குடிப்பதாகாது. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மறுபடி எடுத்தார். மறுபடி ஊற்றினார். வியர்த்துக் கொட்டியது. அறையில் பேத்தி சிணுங்கினாள். மெய் யீ ஏதோ முணுமுணுத்துத் தட்டிக்கொடுத்தாள்.

முனீஸ்வரன் படையலுக்கு ருக்கு சமைக்கும்போது உப்புப் பார்க்க மாட்டாள். சாமிக்கு முன்னால் நாம் வாய் வைக்கக் கூடாது என்பாள். ஆனால் ருக்குவுக்குக் கையளவு தெரியும். இவருக்கு இந்தச் சட்டி புதுசு. கரித்துவிடுமோ என்று பயந்து, சிட்டிகை உப்பை எடுத்து அதிலும் பாதியை உதறிவிட்டுப் போட்டார். கரண்டியைக் கொண்டுபோய்க் கொல்லைச் சுவரில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தயாளன் மத்தியானம் சாப்பிட வந்தான். வாசலிலேயே நின்றான். வீடே ஒயின் கடை மாதிரி மணத்தது. நேராக அப்பாவிடம் வந்தான். அவர் சட்டையை மோந்தான்.

"என்னா இது?"

"ஊத்தும்போது கை நடுங்கிருச்சுப்பா."

"கை ஏன் நடுங்குது?"

அங்கமுத்து வாயைத் திறந்து மகன் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டினார். போலீஸ்காரனுக்கு ஊதுகிற மாதிரி. அவருடைய அறுபது வயதுக்கு அது வேண்டாம். அந்த வீட்டில் அன்றைக்கு யார் ஊதினாலும் ஒயின்தான் வந்திருக்கும்.

தயாளன் அறைப்பக்கம் திரும்பினான். "மெய் யீ, துணியெல்லாம் எடுத்து வை."

"மொதல்ல நான் சாப்பிடறேன்" என்று அவள் குரல் வந்தது. "பசிக்குது."

அங்கமுத்து மீயை வேகவைத்து, கோழியும் சிவப்புக் குழம்பும் ஊற்றிக் கொண்டுபோனார். மெய் யீ ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா வீட்டு வாசனை அது, அவளுக்குக் கண்ணீர் வந்தது. இன்னொரு வாய் குடித்தாள்.

"மாமா, உப்பு போட்டீங்களா?"

"கொஞ்சம் போட்டேம்மா. பத்தலையா?"

"உப்பே இல்ல."

தயாளன் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கினான். குடித்துப் பார்த்தான். அடுப்படிக்குப் போய்ச் சட்டியிலிருந்து எடுத்துக் குடித்துப் பார்த்தான். பச்சைத் தண்ணீர் மாதிரி சப்பென்று இருந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

"நீங்க உப்புப் பாக்கலயா?"

"இல்லப்பா."

"ஒரு வாய்கூட?"

"இல்லப்பா. அதுல ஒயின் இருக்கே, எப்படிப் பாக்கறது?"

தயாளன் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அங்கமுத்துவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றார். மகன் தோளைத் தொடக் கை போனது, தொடவில்லை.

"தயா, அது ஆறிப்போவும். அவளுக்குப் பசிக்குது" என்றார்.

அவன் எழுந்து உப்பு டப்பாவை எடுத்தான். போட்டான், கலக்கினான், குடித்துப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் போட்டான். கிண்ணத்தில் ஊற்றி மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பி வந்து அவனும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு கொல்லைப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

சிஃபு வந்தாள். சட்டியில் மிச்சமிருந்ததை ருசி பார்த்தாள்.

"உப்பு லேட்டா விழுந்திருக்கு. கோழிக்குள்ள போகல."

"ஆமா சிஃபு."

"மத்தபடி நல்லா இருக்கு. நாளைக்கு இஞ்சி இன்னும் கொஞ்சம் போடு."

அங்கமுத்து அவளை விடவில்லை. அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது.

"நாளைக்குன்னு சுளுவாச் சொல்லிட்டீங்க. மாசம் பூரா சமைக்கணும். தெனமும் இந்தச் சட்டி, தெனமும் இந்த மணம், தெனமும் கரண்டி வாய்வரைக்கும் வரும். இன்னைக்கு ஊத்திட்டேன். நாளைக்கு என்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியல. அந்தக் கரண்டிய வச்சுக்கிட்டு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இஞ்சி சீவச் சொல்லாதீங்க. வாயில வைக்காம உப்பு தெரிஞ்சுக்க ஒரு வித்தை இருக்கும். வாசனையா, கொதிக்கிற சத்தமா, என்னான்னு சொல்லுங்க. இருக்கா இல்லியா?"

சிஃபு கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். படியில் தயாளன் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான்.

"இருக்கு அண்ணே" என்றாள். "உம் மகனக் கூப்பிடு."